ஸ்கிம்மர் பம்ப் சத்தம் போட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் தொட்டி வைத்திருப்பவர்கள், அதுவும் புதிதாக ஆரம்பித்திருப்பவர்கள், பம்பைக் கடைக்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

வீட்டு ஹாலில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி, கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி, அதற்குள் ஸ்கிம்மர், அதாவது பம்ப் வைத்து நுரை கிளப்பி அழுக்கை எடுக்கிற சாமான். இரண்டு வருஷமாக ஒரு சத்தமும் கிடையாது. திடீரென்று ஒருநாள் ராத்திரி மிக்சியில் தனியாவைப் போட்டு ஓட்டின மாதிரி கடகடவென்று ஆரம்பித்தது. ஹாலில் படுக்கும் அம்மா, "என்னடா அது, விடிய விடிய எதையோ அரைச்சுக்கிட்டே இருக்கு" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் செய்த முதல் தப்பு, பம்பைக் கழற்றிப் பார்க்காமல் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, தொட்டி வாங்கின கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பியது. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் எங்களைப் போன்ற மரைன் ஆட்கள் ஒரு கடையைப் பிடித்தால் உப்பிலிருந்து உதிரிபாகம் வரை அங்கேயே வாங்கிப் பழகிவிடுகிறோம், அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன்.

கடைக்காரர் பத்து செகண்ட் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காயில் போயிடுச்சு சார், எடுத்துட்டு வாங்க."

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. காயில் என்பது காந்தத்தைச் சுற்றவைக்கிற கம்பிச் சுருள். அது எரிந்த பம்ப் எங்கே கடகடவென்று ஓடும்? ஒன்று அசையாமல் கிடக்கும், இல்லாவிட்டால் வீட்டு டிரிப்பரைத் தட்டிவிடும். இப்படிக் கடகடக்கிறது என்றாலே உள்ளே காந்தம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது அன்றைக்கு உறைக்கவில்லை.

பம்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். பம்ப் இல்லாமல் ஸ்கிம்மர் ஓடாது. ஸ்கிம்மர் அழுக்கு எடுக்கிற சாமான் மட்டும் இல்லை, தண்ணீருக்குள் காற்றைக் கலக்குவதும் அதுதான். ராத்திரி விளக்கு அணைந்ததும் பாசி, பவளம், மீன் எல்லாம் ஆக்சிஜனை எடுக்கும், எதுவும் திருப்பித் தராது. மூன்றாம் நாள் விடியற்காலையில் என் க்ளௌன் மீன் ஜோடி இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மிதந்தது. அலமாரியைக் குடைந்து பழைய ஏர் பம்பையும் குமிழி விடுகிற கல்லையும் எடுத்துப் போட்டேன். மீன் பிழைத்துக்கொண்டது.

நான்காம் நாள் கடைக்குப் போனால் "புது பம்ப்" தயார், 4,800 ரூபாய். டப்பா எங்கே என்றேன். "ஸ்பேர் எல்லாம் லூஸாதான் சார் வரும்." பில்? "அப்புறம் வாட்ஸப்ல போடுறேன்." பழைய பம்ப்? "ஸ்கிராப்ல போட்டாச்சு." மூன்று பதிலையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்த ஆள் நான்தான்.

வீட்டில் மாட்டினால் பழசை விடப் பெரிய சத்தம். போன் பண்ணினேன். "புதுசு சார், செட் ஆக ரெண்டு வாரம் ஆகும்." இதுதான் பாதி உண்மையை வைத்துச் சொல்கிற பொய். புது ஸ்கிம்மர் செட் ஆகச் சில நாள் ஆகும் என்பது நிஜம், ஆனால் அது உள்சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போய் நுரை ஒழுங்காக ஏறுவதற்கு ஆகிற நேரம். பம்ப் உறுமுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் ஸ்கிம்மரின் உடம்போ இரண்டு வருஷப் பழசு, அது எப்போதோ செட் ஆகிவிட்டது.

மறுநாள் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பை வாளியில் எடுத்து வைத்தேன். முன்பக்க மூடியைத் திருகினால் இம்பெல்லர், அதாவது காந்தத்தோடு சேர்ந்த குட்டி விசிறி, கையோடு வரும், ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை. செல்போன் டார்ச்சை அடித்துக் காந்தம் உட்காரும் குழிக்குள் பார்த்தேன். அடியில் வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் நெருடினால் வரவில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் நத்தை மாதிரி சுருண்ட குட்டிக் குழாய், கடுகில் பாதிதான் இருக்கும். மரைன் டேங்க் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சுவரிலும் சம்பிலும் ஒட்டி வளருகிற குழாய்ப்புழுக் கூடு அது. கெடுதல் செய்யாத ஜீவன். ஆனால் கடல் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடக்காமல் அது கூடு கட்டாது. என் தொட்டியில் அந்தப் பம்ப் ஒரு நாள்தான் ஓடியிருக்கிறது. சில கூடுகள் பாதி சுரண்டப்பட்டு வேறு இருந்தன, யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் போதும் என்று விட்டிருக்கிறார்கள். போதாததற்கு, காந்தத்தின் நடுவில் அச்சாக செராமிக் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புக் கம்பி, நுனியில் துருக்கறை. கடல் தண்ணீரில் ஸ்டீலே துருப்பிடிக்கும் என்பதால்தானே செராமிக் வைக்கிறார்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் நின்றேன். முதலில் "உங்க டேங்க்ல வந்திருக்கும் சார்" என்றார். ஒரே நாளிலா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பழைய பம்பைக் கொடுங்கள், ஸ்கிராப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று அசையாமல் நின்றேன். கடைப்பையன் உள்ளே போய் எடுத்து வந்தான். பளபளவென்று துடைத்து, மேலே 4,500 என்று விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் பம்ப்தான், எலி கடித்த ஒயரில் நானே சுற்றிய மஞ்சள் டேப் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. கையில் 2,500 கொடுத்தார், மீதி 2,300க்குப் பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தப் "போன" பம்பைப் பிரித்தேன். துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம்தான். காந்தத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இந்த மாதிரி பம்பின் காந்தம் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும், அந்த வேகத்தில் மணல் அளவு படிவு இடித்தாலே கடகடதான். மளிகைக்கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. ஊறப்போட்டதும் நுரைத்துக்கொண்டு கரைந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அதே கரைசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டினேன். சத்தம் போச்சு. அம்மா, "நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

எல்லாச் சத்தமும் படிவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கர்ர் என்ற அதிர்வு மட்டும் என்றால் பம்பைச் சற்றே தூக்கிப் பாருங்கள், நின்றுவிட்டால் சம்ப் கண்ணாடியில் முட்டுகிறது, அடியில் சிலிக்கான் மேட் போட்டால் முடிந்தது. குமிழி குறைந்து குடகுடவென்று உறிஞ்சினால் ஏர் டியூப் நுனியில் உப்பு அடைத்திருக்கும், வெந்நீரை ஊற்றினால் கரைந்துவிடும். சம்பில் தண்ணீர் மட்டம் இறங்கினாலும் அப்படித்தான் கத்தும், வெயில் காலத்தில் ஆவியாகிறதைக் கவனிக்காமல் விட்டு நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஷாஃப்ட் உடைந்தோ, காந்தம் உப்பிக் குழியில் உரசியோ இருந்தால்தான் காசு செலவு, அதுவும் இம்பெல்லர் மட்டும் மாற்றினால் போதும். கையை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒயரில் ஒரு அடையாளம் போட்டுக் கொடுங்கள், எனக்கு எலி செய்த உதவி எல்லோருக்கும் கிடைக்காது.

இரண்டு மாதமாகப் பம்ப் ஓடுகிறது. அந்த 2,300க்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று போன வாரம் போனேன். மூட்டையின் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.