பாளையங்கோட்டை பயனர் ஆய்வுப் பயிற்சி: இரண்டாம் நாளுக்காகவே போகலாம்

எங்கள் மகளிர் குழு துணிப்பை தைக்கிறது. பை நன்றாகத்தான் விற்கிறது, ஆனால் தெருவில் பிளாஸ்டிக் கவர் குறைந்த மாதிரி தெரியவில்லை. 2019 ஜனவரியிலேயே 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தாச்சு, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தாச்சு, அப்புறமும் ஏன் இப்படி என்று யாரிடம் எப்படிக் கேட்பது எனத் தெரியாமல்தான், ஒரு பொருளை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ளச் சொல்லித்தரும் இந்த இரண்டு நாள் பயிற்சியில் சேர்ந்தேன். கட்டணம் 1500 ரூபாய், மதியச் சாப்பாடு உண்டு.

முதல் நாள் சுமார். கேள்வித்தாள், நேர்காணல், நாட்குறிப்பு என்று சாயங்காலம் வரை ஸ்லைடுதான். ஒன்று மட்டும் மனதில் நின்றது: 1973-ல் அமெரிக்காவின் டூசான் நகரில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியல் அறிஞர் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார், ஜனங்கள் குடிப்பதாகச் சொன்ன பீரை விடக் குப்பையில் கிடந்த பாட்டிலும் டின்னும் அதிகமாக இருந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். "கடைக்குப் பை கொண்டு வருவீங்களா?" என்று பன்னிரண்டு பேரிடம் கேட்டேன், பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். பிறகு ஒரு அக்காவிடம் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் கூடவே நடந்தேன். கையில் நல்ல துணிப்பை, சொன்னது பொய்யில்லை. ஆனால் தக்காளிக்கு ஒரு கவர், ஈரம் சொட்டும் மல்லித்தழைக்கு ஒரு கவர், மிளகாய்க்கு ஒன்று என்று வாசலுக்கு வரும்போது பைக்குள்ளே ஐந்து கவர். ஏன்க்கா என்றால், "ஒண்ணாப் போட்டா தக்காளி நசுங்கிரும்லா தங்கச்சி, வீட்டுல போயி யாரு பிரிக்க?" என்றார். எங்கள் ஆச்சி பெரிய ஓலைப்பெட்டிக்குள் சின்னக் கொட்டான்கள் வைத்துக்கொண்டு போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாங்களோ இரண்டு வருஷமாக உள்ளே ஒரு தடுப்புக்கூட இல்லாத பை தைத்துக்கொண்டிருக்கிறோம்! நூறு கேள்வித்தாள் நிரப்பியிருந்தாலும் இது கிடைத்திருக்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் கவரைப் பற்றி நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

குறை என்றால் நாட்குறிப்பு முறை. நாள் முழுக்கப் பீடி சுற்றிவிட்டு வரும் பெண்ணிடம் ஏழு நாள் நோட்டு எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு கேட்டால் கட்டாயம் அனுப்புவார், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேகரித்த குறிப்புகளை வகை பிரிக்கவும் நேரம் போதவில்லை.

நடத்துபவர்களுக்கு ஒரே வேண்டுகோள், அடுத்த தடவை சந்தையை முதல் நாளே வையுங்கள்.