“8 கெஜம், 16 அவுன்ஸ், கம்பளி” என்று விற்ற கில்ட்: தினசரி உடுத்த வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கல்யாணத்துக்கோ விழாவுக்கோ அல்லாமல், ஜீன்ஸுக்குப் பதிலாகத் தினமும் உடுத்த மாடர்ன் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், பின்னால் மடிப்பு வைத்த பாவாடை) தேடுகிறவர்கள், இணையத்தில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் ஒருவர் 84 பவுண்டு கொடுத்து வாங்கிய கில்ட் இது. விளம்பரம் சொன்னது: 8 கெஜம், 16 அவுன்ஸ் கம்பளிக் கலப்பு, உங்கள் அளவுக்கே தைத்தது, எடின்பரோ. படங்கள் ஆறு. ஆறும் முன்பக்கம். ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்ததைச் சமையலறைத் தராசில் வைத்தால் 780 கிராம் காட்டியது. பிரித்துப் பார்க்கும் முன்பே குட்டு உடைந்துவிட்டது.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கில்ட் துணிக்குச் சொல்லும் அவுன்ஸ், இரட்டைப் பன்னாத் துணியில் (ஏறக்குறைய 58 முதல் 60 அங்குல அகலம்) ஒரு கெஜத்தின் எடை. 8 கெஜக் கில்ட் தைக்க அந்தத் துணியில் 4 கெஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் இணைப்பார்கள். இணைத்த இடம் ஒரு மடிப்புக்குள் மறைந்துவிடும். அது குறை அல்ல, முறையே அதுதான். 16 அவுன்ஸ் துணியில் 4 கெஜம் என்றால் 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ. வெட்டிக் கழிப்பதைத் தாராளமாகக் கழித்தாலும் ஒன்றேகால் கிலோவுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. 780 கிராம் கில்ட்டை 8 கெஜம், 16 அவுன்ஸ் என்று விற்பது பச்சைப் பொய். தைத்தபின் எடை எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஒழுங்காகத் தைக்கிறவர் உடனே சொல்லிவிடுவார்.

அடுத்தது மடிப்பு. புதுக் கில்ட்டின் பின்பக்க மடிப்புகள் கலையாமலிருக்க, குறுக்கே வெள்ளை நூலில் தற்காலிக ஓட்டுத் தையல் போட்டு அனுப்புவார்கள். அதைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்துவிட்டால் “உடுத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்று சொல்ல விற்பவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். நூல் இருக்கும்போதே அளக்கலாம். மடிப்புகளை எண்ணுங்கள். வெளியே தெரியும் அகலத்தை அளங்கள். ஒரு மடிப்புக்குள் ஸ்கேலை நுழைத்து ஆழம் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் தின்னும் துணி, வெளியே தெரியும் அகலமும் ஆழத்தைப்போல இரண்டு மடங்கும் சேர்ந்தது.

இந்தக் கில்ட்டில் 18 மடிப்பு, வெளியே 2.5 சென்டிமீட்டர், ஆழம் 5 சென்டிமீட்டர். ஒரு மடிப்புக்கு 12.5; பதினெட்டுக்கு 225 சென்டிமீட்டர். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மடிப்பில்லாத இரண்டு பகுதிகளும் (ஏப்ரன்) தலா 52. பக்கவாட்டு மடிப்பும் ஓரமும் இன்னொரு 25. கூட்டினால் 354 சென்டிமீட்டர், 4 கெஜத்துக்கும் கொஞ்சம் குறைவு. 8 கெஜம் என்றால் 7.3 மீட்டர் வர வேண்டும். அப்படிப்பட்ட கில்ட்டில் பொதுவாக 25 முதல் 30 மடிப்பு இருக்கும். ஆழமும் இதைப்போல ஏறக்குறைய இருமடங்கு இருக்கும்.

கவனியுங்கள், 4 கெஜம் என்பதே மோசம் என்று சொல்ல வரவில்லை. தினசரி உடுத்த 4 முதல் 5 கெஜம்தான் எங்கள் பரிந்துரை. 8 கெஜக் கம்பளியை உடுத்திக்கொண்டு பேருந்து ஏறி, நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், புரியும்: கனம், சூடு, உட்காரும்போதெல்லாம் பின்னால் திரளும் துணி. அகலமான பெட்டி மடிப்பு வைத்து 4 கெஜத்தில் தைத்தால் அதே கம்பளியில் லேசான, அழகான கில்ட் கிடைக்கும். 4 கெஜம் என்று சொல்லி 4 கெஜத்துக்கு உரிய விலை வாங்கினால் யாருக்கும் குறையில்லை. 8 என்று சொல்லிப் பாதியைத் தருவதுதான் ஏமாற்று.

கம்பளிக் கலப்பு என்றார்களே, அதையும் பார்த்தோம். உள்ளே ஓரத் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின்மேல் தீக்குச்சி காட்டினால் போதும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி பொசுங்கும் வாடை வரும், தீயை எடுத்ததும் அடங்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம்போல எரியும். இந்த நூல் சுருண்டு உருகி, கரும்புகை விட்டு, முனையில் கறுப்பாக ஒரு மணி கட்டியது. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. அக்ரிலிக். கலப்பு என்று சொல்லும் அளவுக்குக் கம்பளி இருந்திருந்தால் முடி வாடையாவது வந்திருக்கும். நார் விவரச் சீட்டும் உள்ளே இல்லை. பிரிட்டனில் விற்கும் துணிமணிக்கு எந்த நார் எத்தனை சதவீதம் என்ற சீட்டு கட்டாயம். 2012-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சீட்டு இல்லாததே ஒரு புகாருக்குப் போதுமான காரணம்.

அக்ரிலிக் கில்ட் தினசரிக்கு ஏன் ஆகாது? உட்காரும் இடத்தில் சில வாரங்களில் துணி உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். இஸ்திரிச் சூடு கொஞ்சம் கூடினால் பளபளவென்று உருகிய தடம் விழும். சூட்டைக் குறைத்தாலோ மடிப்பு நிற்காது. ஒரு நாள் விழாவுக்கு உடுத்திப் போட்டோ எடுத்துக்கொள்ள அது போதும். வாரம் ஐந்து நாளுக்குப் போதாது.

டார்ட்டன் கட்டமும் வண்ணமும் வேண்டும், ஆனால் கம்பளி விலை கட்டாது என்றால் பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்பு கேளுங்கள். 65-க்கு 35 என்ற விகிதம் வழக்கம். கையில் பிடித்தால் கம்பளிபோலவே விழும், மெஷினில் குளிர்ந்த நீரில் துவைக்கலாம், மடிப்பு நிற்கும், ஸ்காட்லாந்து மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். கம்பளியே வேண்டும் என்றால் தினசரிக்கு 13 அவுன்ஸ் வொர்ஸ்டெட் (இறுக முறுக்கிய நூலில் நெய்த கம்பளி) போதும்; 16 அவுன்ஸ் மடிப்பு இன்னும் கம்பீரமாக விழும், ஆனால் வெயிலில் பாரம். 10 அவுன்ஸ் காற்றில் பறக்கும், வேண்டாம்.

ட்வீடு என்ற முரட்டுக் கம்பளித் துணியில் தைத்த கில்ட்டுகள் இப்போது நிறைய வருகின்றன. சாம்பலும் பழுப்புமாகப் பார்க்க நன்றாக இருக்கும், சட்டை ஸ்வெட்டரோடு சேரும். ஆனால் ட்வீடு நூல் வொர்ஸ்டெட்போல முறுக்கேறியதல்ல, கத்தி முனைபோல மடிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘ஹாரிஸ் ட்வீட்’ என்று சொன்னால் ஆர்ப் முத்திரை (உருண்டையின்மேல் சிலுவை) இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயருக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், நெசவாளர் தம் வீட்டிலேயே கையால் நெய்ததுதான் ஹாரிஸ் ட்வீட். ‘ஹாரிஸ் ஸ்டைல்’ என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

சரி, டார்ட்டன் கட்டம் இல்லாத, பாக்கெட் வைத்த யூட்டிலிட்டி கில்ட்? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் பரவலாக்கிய வகை இது. கெட்டியான பருத்திக் கேன்வாஸ் அல்லது பாலி-காட்டன் ட்வில், பெல்ட் லூப், பக்கவாட்டில் பெரிய பாக்கெட். வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. மலிவு நகல்களில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று.

முதலில் மடிப்பின் முனை. பருத்தியில் இஸ்திரி போட்ட மடிப்பு முதல் துவையலிலேயே போய்விடும். நல்ல கில்ட்டில் ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் மேலிருந்து கீழ்வரை மேல் தையல் ஓடும். துவைத்து உதறிக் காயப்போட்டால் மடிப்பு தானாக விழும். அந்தத் தையல் இல்லாவிட்டால் வாராவாரம் இருபது மடிப்பையும் நீங்கள்தான் இஸ்திரி போட வேண்டும். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பிறகு பாக்கெட்டும் டிச் பட்டனும். ஃபோன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாம் போட்டால் அரைக் கிலோ தொங்கும். கழற்றி மாட்டும் பாக்கெட்டை ஒற்றைத் துணியில் பட்டன் அடித்து மாட்டியிருந்தால், பட்டனைச் சுற்றித் துணி கிழிந்து, பட்டன் வட்டமாகப் பெயர்ந்து வரும். பட்டனுக்குப் பின்னால் இன்னொரு அடுக்குத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று உள்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள். இடுப்பில் வெல்க்ரோ வைத்த கில்ட் லேசானது, மலிவானது, விளையாட்டுக்கு நல்லது. ஆனால் பஞ்சும் நூலும் சேரச் சேரப் பிடி தளரும்.

மூன்றாவது, ‘ஹைபிரிட்’ என்று விற்பவை: வெளியே கறுப்புப் பருத்தி ட்வில், மடிப்புக்குள் சிவப்பு அக்ரிலிக் டார்ட்டன் கட்டம். நடக்கும்போது உள்ளே நிறம் மின்னும், ஆசையாகத்தான் இருக்கும். பருத்தி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. முன்பே சுருக்கி எடுக்காத துணி என்றால் முதல் துவையலில் கீழ் ஓரம் அப்பளம்போல நெளிந்துவிடும். அதைச் சரிசெய்யவே முடியாது. இது எங்களிடம் அடிக்கடி வரும் புகார்.

இனி, உங்கள் அளவுக்கே தைத்தது என்ற வாக்கு. இந்த விற்பனையாளர் கேட்டது ஜீன்ஸ் சைஸ் மட்டும். 34 என்று சீட்டு போட்ட ஜீன்ஸை நிஜத்தில் அளந்தால் 36, 37 வருவது சகஜம். கில்ட்டின் வார் இப்படி அப்படி நகர்வது இரண்டு அங்குலம்தான். வந்த கில்ட் பொருந்தவில்லை. அளந்து தைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில். பாரம்பரியக் கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும்; யூட்டிலிட்டி கில்ட் ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் நிற்கும். எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேட்டி கட்டிப் பழகியவர்கள் வேட்டி நிற்கும் இடத்தை இடுப்பு என்று அளந்து கொடுத்துவிட்டால், பாரம்பரியக் கில்ட்டுக்கு அது தப்பு அளவு. கில்ட் நிற்கும் இடத்தில் ஒரு சுற்று, பிட்டத்தின் அகலமான இடத்தில் ஒரு சுற்று, இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நீளம்: இந்த மூன்றும் இஞ்ச் டேப்பில், இன்னொருவர் அளக்க வேண்டும். நீங்களே குனிந்து பார்த்தால் நீளம் மாறிவிடும். பிட்டத்தின் அளவைக் கேட்காதவர் உங்களுக்காகத் தைக்கப்போவதில்லை. அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பப்போகிறார்.

அந்த அளவு எதற்கு என்பதும் இந்தக் கில்ட்டிலேயே தெரிந்தது. இடுப்பிலிருந்து பிட்டம்வரை மடிப்புகளைத் தைத்து இறுக்கிய பகுதியை ஃபெல் என்பார்கள். மேலே குறுகி, கீழே விரிந்து, உடம்பின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு மடிப்பும் சரிவாக இறங்க வேண்டும். நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை அந்தத் தையல் வரும். பின்னால் கேன்வாஸும் லைனிங்கும் இழுவையைத் தாங்கும். இதில் தையல் 8 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது, மடிப்பெல்லாம் மேலும் கீழும் ஒரே அகலம், கேன்வாஸே கிடையாது. உடுத்தினால் பிட்டத்தின் மேல் மடிப்பு வாய் பிளந்து நிற்கிறது. இழுவை முழுவதும் நூலின் மேல் விழுவதால் தையல் அங்கேதான் முதலில் விடும்.

பொட்டலத்தின் சுங்கச் சீட்டில் அனுப்பிய இடம் பாகிஸ்தான். மலிவுக் கில்ட்டுகள் நிறையவே அங்கே சியால்கோட்டில் தைக்கப்படுகின்றன. அதற்காக ஒதுக்க வேண்டாம். கெட்டியான கேன்வாஸ் கில்ட் அங்கிருந்தும் வருகிறது. எடின்பரோ என்று சொல்லி விற்றதைத்தான் குற்றம் சொல்கிறோம். ‘ஸ்காட்லாந்தில் வடிவமைத்தது’ என்பதும் ‘ஸ்காட்லாந்தில் தைத்தது’ என்பதும் ஒன்றல்ல. கடையின் படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். இந்த ஆறில் நான்கு வேறொரு தையலகத்திலிருந்து திருடியவை.

புகார் கொடுத்தபின் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இது ஒரு வழக்கமான நாடகம். முதலில் 15 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பிறகு 25. பிறகு, உங்கள் செலவில் அனுப்புங்கள், தபால் 40 பவுண்டு ஆகும் என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நான்கு நாள் இடைவெளி. கெடுவைத் தாண்ட வைப்பதுதான் நோக்கம். பிரிட்டனில் இணையத்தில் வாங்கியதை, கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அளவுக்குத் தைத்ததற்கு இந்த உரிமை கிடையாது. அந்தப் பூச்சாண்டியைத்தான் காட்டுவார்கள். ஆனால் சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கும் உரிமை 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அளவுக்குத் தைத்ததற்கும் அது பொருந்தும், திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவருடையது. நிராகரிக்கிறேன் என்ற சொல்லை எழுத்தில் அனுப்புங்கள். பாதிப் பணத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

விற்பவர் வெளிநாட்டில் என்றால் சட்டத்தைவிட கார்டுதான் கை கொடுக்கும். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், கிரெடிட் கார்டில் கட்டியது என்றால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் பொறுப்பு. இது 84 பவுண்டு என்பதால் அந்த வழி இல்லை. வாங்கியவர் வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேட்டார். தராசில் 780 காட்டும் படம், மடிப்புக்குள் ஸ்கேல் நிற்கும் படம், ஓட்டுத் தையல் பிரிக்காத பின்பக்கம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சுங்கச் சீட்டு, இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்பினார். பணம் முழுவதும் திரும்பி வந்தது. அதே படங்களோடு அதே கில்ட் இப்போது வேறு கடைப் பெயரில் 79 பவுண்டுக்கு விற்கிறது.