நாலு வருஷம், ஒரே காலண்டர் செயலி: நேற்றைய வேலை எங்கே போகிறது?

நாலு வருஷமாக என் போனின் முதல் திரையில் ஒரே காலண்டர் செயலிதான். பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன், இதே குறைகள் வேறு பலவற்றிலும் உண்டு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திறந்த கணத்தில் இன்றைய நாள் கண்முன் நிற்கும். இடையில் இரண்டு முறை போன் மாற்றியும் ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. இவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

என் மனத்தாங்கல் எல்லாம் அதன் ‘வேலைகள்’ பகுதியோடுதான்.

முதல் மூன்று வருஷம் அது சந்திப்பையும் வேலையையும் ஒரே தராசில்தான் நிறுத்தது. வேலை சேர்க்கப் போனால் நேரம் கேட்கும். ‘பழைய ரசீதுகளைப் பிரித்து வைக்கணும்’ என்பதற்கு என்ன நேரம் கொடுப்பது? ஏதோ காலை 10 என்று போட்டுவைப்பேன். பத்து மணிக்கு ஒரு தடவை மணியடிக்கும். மறுநாள் பார்த்தால் அந்த வேலை நேற்றைய கட்டத்துக்குள் வெளிறிய சாம்பல் நிறத்தில் படுத்துக் கிடக்கும், முடிந்துபோன கூட்டத்தைப் போலவே. கூட்டம் நான் போனாலும் போகாவிட்டாலும் முடிந்துவிடும். வேலை அப்படி முடியாதே.

இதில் ஒரு முறை நன்றாகவே மாட்டினேன். வண்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்க, கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு வேலை போட்டிருந்தேன். நோட்டிஃபிகேஷன் வந்தபோது ஒரு போன் அழைப்பில் இருந்தேன். விரலால் ஒதுக்கித் தள்ளினேன். அவ்வளவுதான். காப்பீடு காலாவதியாகி ஒன்பது நாள் கழித்து, வேறெதையோ தேடி இரண்டு வாரம் பின்னால் போனபோதுதான் அந்தச் சாம்பல் வரி கண்ணில் பட்டது. தப்பு என்னுடையதுதான், சரி. ஆனால் மறப்பவர்களுக்காகத்தானே இந்தச் செயலி?

இத்தனைக்கும் இதற்கான யோசனை புதியதல்ல. காலண்டர் செயலிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள ஐகேலண்டர் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 2009-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5545 என்ற இணையத் தரநிலை ஆவணம்தான் அதன் இலக்கணம். அதில் நிகழ்வுக்கு ஒரு கூறு, செய்யவேண்டிய வேலைக்குத் தனியாக இன்னொரு கூறு. தொடக்கமும் கெடுவும் குறிக்கப்படாத வேலை, முடிகிறவரை அடுத்தடுத்த ஒவ்வொரு நாளோடும் சேர்ந்தே வரும் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்தபோது, நம் தலைவலியை அறிந்த யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

போன வருஷப் பெரிய அப்டேட்டில் ஒருவழியாக இது வந்தது. இப்போது நேரம் தராமலே வேலை சேர்க்கலாம். முடியாதவை இன்றைய பக்கத்தின் தலையில் ‘பாக்கி’ என்று ஒற்றை வரியில் மடிந்து நிற்கின்றன, பக்கத்தில் எண்ணிக்கையோடு. தட்டினால் விரியும். வெள்ளோட்டப் பதிப்பில் எல்லாவற்றையும் சிவப்பில் விரித்துப் போட்டிருந்தார்கள். காலையில் திறந்ததும் பதினெட்டு சிவப்பு வரிகள். நாலாம் நாளே திறக்கப் பயந்து விட்ஜெட்டை எடுத்துவிட்டேன். மடித்து வைத்தது சின்ன மாற்றம்தான், ஆனால் நான் மறுபடி திறக்க ஆரம்பித்ததே அதனால்தான்.

அதே அப்டேட்டில் ஒன்றைக் கெடுத்தும் விட்டார்கள். டிக் போடும் வட்டம் சிறுத்து, வரியின் ஓரத்துக்குப் போய்விட்டது. வட்டத்தைக் குறிவைத்துத் தட்டினால் பாதி நேரம் விவரப் பக்கம் திறக்கிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடுபரப்பு 48 டிபி இருக்க வேண்டும் என்கிறது, ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). வட்டம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியலாம், தப்பில்லை. விரலை ஏற்கும் பரப்பு சுற்றிலும் அகலமாக இருந்தால் போதும்.

அப்புறம் திரும்பத் திரும்ப வரும் வேலைகள். தண்ணீர் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நான் ஐந்து வாரம் தாமதமாக மாற்றினால் அடுத்த முறை, மாற்றிய நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தானே வர வேண்டும்? இந்தச் செயலி பழைய தேதியையே பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் முன்னதாகக் கூப்பிடுகிறது. வரி கட்டுவதற்கு நிலையான தேதி சரி. ஃபில்டருக்கு, பல் டாக்டருக்கு எல்லாம் ‘முடித்த நாளிலிருந்து’ என்று ஒரு தேர்வு வேண்டும். இன்னும் வரவில்லை.

31-ஆம் தேதி வைத்து மாத வேலை போடுகிறவர்களும் கவனியுங்கள். இல்லாத தேதியைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பதே அந்தப் பொது வடிவத்தின் விதி. அதனால் வருஷத்துக்கு ஏழு தடவைதான் மணியடிக்கும். ‘மாதத்தின் கடைசி நாள்’ என்பது தனித் தேர்வாக உள்ளே புதைந்து கிடக்கிறது, தேடிப் பிடியுங்கள்.

மாதக் காட்சியில் தமிழில் எழுதினால் இன்னொரு சங்கடம். கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் இடம். ‘மின்கட்டணம்’, ‘மின்னஞ்சல் பதில்’ இரண்டும் ‘மின்…’ என்றே நிற்கின்றன. வரி உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்தது போல. ‘கீ’, ‘தீ’ எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்பட்டு, ‘தீர்வு’ ‘தர்வு’ போலத் தெரிகிறது. நான் இப்போதெல்லாம் வித்தியாசப்படும் சொல்லையே முதலில் எழுதிப் பழகிவிட்டேன்.

நோட்டிஃபிகேஷன் தாமதம் பற்றிப் பலர் புலம்புகிறார்கள். எனக்கும் இருந்தது, போனின் பேட்டரி சிக்கன அமைப்பிலிருந்து செயலிக்கு விலக்கு கொடுத்ததும் சரியாகிவிட்டது.

போன மாதம் வெறுத்துப்போய் வேறொரு செயலிக்கு மாறிப் பார்த்தேன். ஏற்றுமதிக் கோப்பை எடுத்து அங்கே இறக்கினால், நாலு வருஷச் சந்திப்புகள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வேலை ஒன்றுகூட வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன்: வேலைகளுக்கான கூறே அதில் இல்லை, பழைய செயலிக்காரர்கள் அதை எழுதவே இல்லை. இருநூற்றுச் சொச்சம் வேலைகளைக் கையால் தட்டச்சு செய்யத் தெம்பில்லாமல், அன்று ராத்திரியே பழைய செயலிக்குத் திரும்பிவிட்டேன்.