கார்பெட் தேய்மானம்: கண்ணா, கேமராவா, லேசரா?

ஆய்வகத்தில் கார்பெட் துண்டை வெட்டர்மன் டிரம், ஹெக்சாபாட் போன்ற தேய்ப்புக் கருவிகளில் போட்டுச் சுழற்றித் தேய்ப்பார்கள். பிறகு புதுத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணால் பார்த்து, ஐ.எஸ்.ஓ 9405 என்ற சர்வதேசத் தர முறைப்படி 5 (மாற்றமில்லை) முதல் 1 (கடும் மாற்றம்) வரை மதிப்பெண் போடுவார்கள். ஒரே துண்டுக்கு ஒருவர் 3 என்பார், அடுத்தவர் 3.5 என்பார். துண்டைப் படமெடுத்துக் கணினியால் தேய்மானத்தை அளக்கும் படப் பகுப்பாய்வுக்கான தேவை இந்த அரை மதிப்பெண்ணில்தான் பிறக்கிறது.

ஹாரலிக் குழு 1973-ல் முன்வைத்த ஜி.எல்.சி.எம் (கிரே லெவல் கோ-அக்கரன்ஸ் மேட்ரிக்ஸ்) என்ற முறை, பிக்சல் ஜோடிகளின் சாம்பல் அளவு எப்படிச் சேர்ந்து வருகிறது என்று எண்ணும். படத்தை 32 சாம்பல் படிகளுக்குக் குறைத்து, நான்கு திசைகளிலும் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது வழக்கம். எண்கள் புரியும்படி இருக்கும். ஆனால் எக்ஸ்போஷர் கொஞ்சம் நகர்ந்தாலே கான்ட்ராஸ்ட் மதிப்பு கூடவே நகரும். கேமராவை ஆட்டோ எக்ஸ்போஷரில் விட்டால் தேய்மானத்துக்குப் பதிலாகக் கேமராவின் மனநிலையை அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒற்றை நிறக் கார்பெட்டுக்கு என் ஓட்டு எல்.பி.பி (லோக்கல் பைனரி பேட்டர்ன்) என்ற முறைக்குத்தான். சுற்றியுள்ள 8 பிக்சல்கள் நடுப் பிக்சலைவிட வெளிச்சமா இருட்டா என்று மட்டும் பார்ப்பதால், மொத்த வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. ஆரம் (நடுப் பிக்சலிலிருந்து எவ்வளவு தள்ளிப் பார்ப்பது) 1, படத்தைத் திருப்பினாலும் மாறாத 'யூனிஃபார்ம்' வகை என்று வைத்தால் கிடைப்பது 10 கட்ட ஹிஸ்டோகிராம், அதாவது எந்த வடிவம் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கைப் பட்டியல். புதுத் துண்டுக்கும் தேய்ந்த துண்டுக்கும் இடையே சமச்சீர் குல்பாக்-லைப்லர் தூரம் (இரு ஹிஸ்டோகிராம்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள். ஏதாவது ஒரு கட்டம் பூஜ்யமானால் தூரம் முடிவிலிக்கு ஓடிவிடும். அதனால் எல்லாக் கட்டங்களிலும் ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு இழைக்கொத்து 20 பிக்சல் அகலத்தில் விழுந்தால் ஆரம் 1 தனி இழையின் நெளிவைத்தான் பார்க்கும். படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது ஆரத்தைக் கூட்டுங்கள்.

எல்.பி.பி-யும் ஏமாறும் இடம் இழை சாய்வு. இழை விளக்கை நோக்கிச் சாய்ந்தால் ஒரு தோற்றம், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இன்னொன்று. படத்தை மென்பொருளில் திருப்புவதும் துண்டையே விளக்கின் கீழ் திருப்புவதும் ஒன்றல்ல. சுழற்சி பாதிக்காத வகை என்றாலும் இங்கே கைகொடுக்காது. துண்டின் முதுகில் சாய்வு திசைக்கு அம்புக்குறி போட்டு, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வாக்யூம் செய்து, இரு பக்கமும் பரவலான விளக்கு வைத்துப் படமெடுங்கள். ஜேபெக் சுருக்கம் வேண்டாம். அதன் 8×8 கட்டங்களே ஒரு டெக்ஸ்சராகப் பதிந்துவிடும்.

பூவேலைக் கார்பெட் என்றால் கேமரா திணறும். டிசைனின் நிற எல்லைகள் தேய்மானத்தை மறைத்துவிடும். அங்கே லேசர் ஸ்கேனரின் ஆழப் படம் மேல்: நிறம் பெரும்பாலும் விலகி, இழையின் உயரம் மட்டும் மிஞ்சும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆழப் படத்தின் மேலேயே எல்.பி.பி வகை முறைகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேன் மெதுவாகத்தான் நடக்கும், செலவும் கூடுதல். துண்டு வளைந்திருந்தால் முதலில் அந்த வளைவைக் கழிக்க வேண்டும். கறுப்பு இழை லேசரை விழுங்கிவிடுவதால் படத்தில் ஓட்டை விழும். அதைச் சராசரியால் நிரப்பினால் அந்த இடம் வழவழப்பாகி, தேய்ந்தது போலவே கணக்கில் ஏறும். நிரப்பாமல் அந்தப் பிக்சல்களை ஹிஸ்டோகிராமிலிருந்தே விலக்கிவிடுங்கள்.