எலிப்பொறியா, எலி மருந்தா?

வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். 3 முதல் 6 மி.மீ. நீளப் புழுக்கை என்றால் சுண்டெலி, 12 மி.மீ.க்கு மேல் என்றால் பெரிய எலி. சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்குபோல் கறை தெரிந்தால் அதுதான் அதன் தடம்.

விசைப்பொறியில் செத்த எலி கண்ணெதிரே கிடைக்கும், அதுவே பெரிய பலம். சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். பட்டாணி அளவு நிலக்கடலை விழுது போதும். அதிகம் வைத்தால் விசையைத் தட்டாமலே நக்கிவிட்டுப் போய்விடும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். நாலைந்து நாள் விசையை ஏற்றாமல் இரையை மட்டும் தின்னவிட்டு, பிறகு ஏற்றுங்கள். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். ஒற்றைப் பொறியை வைத்துவிட்டு, ‘சிக்கவே இல்லை’ என்று புலம்புவோர்தான் அதிகம், ஆறேழு பொறியாவது வையுங்கள்.

மருந்துக்கு உழைப்பு குறைவு. ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதற்குள் கூரை இடுக்கில் போய்ச் செத்தால் நாற்றம் லேசில் போகாது. அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். குழந்தை வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல், மருந்து உறையுடன் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வேண்டவே வேண்டாம்: கல்லீரலைச் சிதைக்கும், முறிமருந்தும் கிடையாது.

வீட்டுக்குள் பொறிதான்; மருந்து என்றால் வெளியே, பூட்டிய இரைப்பெட்டிக்குள் மட்டும். எதுவானாலும், 6 மி.மீ. இடுக்கு இருந்தால் சுண்டெலி நுழையும். எஃகுக் கம்பளி (மெல்லிய எஃகு இழைச் சுருள்) திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். இடுக்கை அடைக்கப் பீய்ச்சும் நுரையை மட்டும் நம்பினால் கடித்துத் துளைத்துவிடும்.