வண்ணத்தை அங்கேயே தீட்டுவதா, அறைக்குத் திரும்பிய பிறகா?

பயணத்தில் ஓவிய ஏடு வைத்திருப்பவர்கள் எந்த நாட்டுக்குச் சென்றாலும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: காட்சியின் முன் அமர்ந்தே நீர்வண்ணம் தீட்டி முடிப்பதா, கோட்டோவியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வண்ணத்தைத் தங்குமிடத்தில் சேர்ப்பதா?

அங்கேயே தீட்டுவதன் பெரும்பலன் நிழலில் தெரியும். வெயில் படும் வெள்ளைச் சுவரின் நிழல் முதற்பார்வைக்குச் சாம்பலாகத் தோன்றினாலும், சற்று உற்றுப் பார்த்தால் அதில் வானத்தின் நீலமும், தரையிலிருந்து எதிரொளிக்கும் மஞ்சளும் கலந்திருப்பது புலப்படும். கைப்பேசிப் படத்தில் அதே நிழல் பெரும்பாலும் கருத்துப்போய்விடுவதால், அறையில் அந்தப் படத்தைப் பார்த்துத் தீட்டுபவர் தாம் கண்ட நிறத்தைத் தீட்டுவதில்லை.

ஆனால் சூரியன் நமக்காகக் காத்திருப்பதில்லை. மணிக்கு 15 பாகை வீதம் அது நகர, பூச்சு உலர்வதற்குள் நிழலின் விளிம்பு இடம் மாறிவிடுகிறது. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் தாள் உலரவே நெடுநேரமாகும். கடுங்குளிரில் தூரிகையின் நீரே உறைந்துபோகும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாள் ஈரத்தை நன்றாகத் தாங்கினாலும், ஏட்டின் எடை கூடிவிடுகிறது.

கோட்டோவிய வழியில் செல்பவருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 1819இல் இத்தாலியில் சுற்றிய ஆங்கில ஓவியர் டர்னர் ஏடு ஏடாக நிரப்பியது பெரும்பாலும் பென்சிலால்தான். பல அருங்காட்சியகங்கள் பென்சிலை மட்டுமே அனுமதிப்பதால், அங்கே வேறு வழியும் இல்லை. பேனாவால் வரைபவர் நீரில் கரையாத மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் வண்ணம் பூசும்போது பகலில் இட்ட கோடுகள் கரைந்து ஓடிவிடும். இந்த வழியின் உண்மையான குறை வேறு: மாலைக்குள் நிறம் நினைவிலிருந்து நழுவி, எல்லா ஊர்களின் வானமும் ஒரே நீலமாகிவிடுகிறது.

இக்குறைக்கு மாற்று 1832இல் மொராக்கோ சென்ற பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் ஏடுகளில் இருக்கிறது. அவர் கோட்டோவியங்களின் அருகிலேயே நிறங்களைச் சொற்களால் குறித்துவைத்தார். ஊர் ஊராக விரைந்து செல்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். குறிப்பு மட்டும் வெறும் ‘நீலம்’ என்று நின்றுவிடாமல், ‘கதவைவிட வெளிர்ந்த, ஊதா கலந்த நீலம்’ என்று அருகிலுள்ள பொருளோடு ஒப்பிட்டு எழுதப்பட வேண்டும். ஒரே ஊரில் சில நாட்கள் தங்குபவரோ, அடுத்தடுத்த நாட்களில் அதே நேரத்துக்கு அதே இடத்தில் அமர்ந்து, அங்கேயே வண்ணம் தீட்டி முடிப்பது நல்லது.