ஹூ கேன் ஐ வோட் ஃபார்: கும்பகோணத்திலிருந்து ஒரு லிவர்பூல் வார்டைத் தேடியபோது

இங்கிலாந்தில் முறையான விசாவுடன் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு அந்நாட்டின் உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குரிமை உண்டு என்பது, பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டுத் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இருக்கும் பெற்றோர் பலருக்குத் தெரியாது. அங்கே இருக்கும் பிள்ளைகளிலும் சிலருக்குத் தெரியாது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் என்ற வகையில் கிடைக்கும் இந்த உரிமையைப் பயன்படுத்த, மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்தால் போதும். அதற்குப் பிறகு எழும் கேள்வி, தங்கள் வார்டில் நிற்பவர்கள் யார் யார் என்பது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே நடத்தப்படும் இலவச இணையச் சேவைதான் 'ஹூ கேன் ஐ வோட் ஃபார்'. டெமாக்ரசி கிளப் என்னும் கட்சி சார்பற்ற, இலாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது.

லிவர்பூலில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்கா மகள், 2023 மே மாதத் தேர்தலுக்கு முன்பு, "மாமா, ஓட்டுப் போடலாம்னு கடுதாசி வந்திருக்கு, நிக்கிறவங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே" என்று தொலைபேசியில் சொன்னாள். உள்ளாட்சித் தேர்தல்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்காகத் தேடத் தொடங்கிய நான், பிறகு என் ஆர்வத்துக்காகவே இந்தச் சேவையை நெடுநேரம் பயன்படுத்திப் பார்த்தேன்.

முகப்பில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் வீட்டின் அஞ்சல் குறியீட்டை இட வேண்டும். அவள் குடியிருக்கும் டாக்ஸ்டெத் பகுதி 'எல் 8' என்று தொடங்கும் குறியீட்டில் அடங்குவது. குறியீட்டை இட்டதும் வார்டின் பெயர், தேர்தல் நாள், வேட்பாளர்களின் பெயர்கள், அவர்களுடைய கட்சிகள் ஆகியவை வரிசையாக வந்துவிடுகின்றன. ஒரே அஞ்சல் குறியீடு இரண்டு வார்டுகளில் பரவிக் கிடந்தால், சேவை தானாக ஊகிக்காமல், கதவு எண்களின் பட்டியலைக் காட்டி எந்த வீடு என்று கேட்கிறது. இந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லைத் தெருவில் குடியிருப்பவருக்குத் தவறான வார்டைக் காட்டுவதைவிட, கூடுதலாக ஒரு கேள்வி கேட்பதே முறை. வேட்பாளர் பெயரைத் தொட்டால் அவருக்கென்று தனிப்பக்கம் திறக்கிறது. அவர் முன்பு எந்தெந்தத் தேர்தலில், எந்த வார்டில், எந்தக் கட்சியின் சார்பில் நின்றார் என்பதும், விவரம் கிடைத்திருந்தால் பெற்ற வாக்குகளும் அங்கே இருக்கின்றன. கட்சி மாறியவரையும் வார்டு மாறியவரையும் அந்தப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விவரங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டபோது மதிப்பு இன்னும் கூடியது. வேட்புமனு முடிந்ததும் ஒவ்வொரு மாநகராட்சியும் தன் போக்கில், தன் வடிவத்தில், போட்டியிடுவோர் பட்டியலை அறிவிப்பாக வெளியிடுகிறது. தன்னார்வலர்கள் அந்த அறிவிப்புகளைத் தேடி எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். ஒருவர் பெயர்களை உள்ளிடுகிறார். வேறொருவர் மூல அறிவிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அந்த வார்டின் பட்டியல் பூட்டப்படுகிறது. ஒரே ஆள் எழுதி அவரே சரிபார்ப்பதற்கு இடமில்லை. பத்திரப் பதிவிலும் கூட்டுறவுச் சங்கக் கணக்கிலும் இரண்டாவது கண் இல்லாமல் நேர்ந்த பிழைகளை நம் பக்கத்தில் நிறையப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை புரியும். இப்படித் திரட்டிய தரவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே, வாக்குச்சாவடியைக் கண்டறியும் வசதிக்கு இந்த அமைப்பின் தரவைத்தான் நாடுகிறது.

இதுவரை சொன்னது நிகழ்காலம் பற்றியது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஒரு வார்டை அறிவது என்றால் அதன் பழைய கதையையும் அறிவதுதான். அங்கேதான் இந்தச் சேவை நம்மைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது. இதன் பதிவுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கியவை. அக்கா மகள் வசிக்கும் தெருக்கள் ஒரு காலத்தில் கிரான்பி என்ற வார்டில் இருந்தன. அந்தப் பெயரை இந்தச் சேவையில் தேடினால் எதுவும் கிடைக்காது. 2004-ல் வார்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது அந்த வார்டே மறைந்து, அதன் பெரும்பகுதி பிரின்சஸ் பார்க் வார்டுக்குள் போய்விட்டது.

கிரான்பியின் கதை விட்டுவிடக்கூடிய கதையன்று. டாக்ஸ்டெத் பார்க் பகுதி 1895-ல்தான் லிவர்பூல் மாநகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் பெண்கள் மாநகராட்சி உறுப்பினராகலாம் என்று சட்டம் வந்தது 1907-ல். வரி செலுத்தும் திருமணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1869-லேயே கிடைத்திருந்தும், மன்றத்தில் உட்காரும் உரிமைக்கு அவர்கள் மேலும் 38 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த இரண்டாம் ஆண்டில், அதாவது 1909-ல், கிரான்பி வார்டிலிருந்து எந்தக் கட்சியையும் சாராமல் வென்று, லிவர்பூல் மாமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார் எலினார் ராத்போன். அதே வார்டின் உறுப்பினராக 1930-களின் நடுப்பகுதி வரை நீடித்தார். கன்சர்வேட்டிவ் கட்சியும் ஐரிஷ் தேசியவாதிகளும் மத அடிப்படையில் தெருத்தெருவாக வாக்குகளைப் பிரித்துவைத்திருந்த ஒரு நகரத்தில், சுயேச்சையாக ஒரு பெண் கால் நூற்றாண்டு நிலைத்தது சாதாரணச் செய்தியன்று. 1929-ல் நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் அவர் உடனே வார்டைக் கைவிடவில்லை. குழந்தைகளுக்கான உதவித்தொகையை நேரடியாகத் தாயின் கையில் தர வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடியதன் விளைவாகவே 1945-ன் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தது. இந்தியப் பெண்களின் வாக்குரிமை பற்றி விசாரிக்க 1932-ல் அவர் இங்கேயும் வந்திருக்கிறார். யாருக்கு முதலில் வாக்குரிமை என்பதில் நம் பெண்கள் அமைப்புகளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயாளியின் வீட்டுக்கே சென்று பணிவிடை செய்யும் செவிலியர் முறையை 1859-ல் லிவர்பூலில் தொடங்கிவைத்தவர் எலினாரின் தந்தை வில்லியம் ராத்போன். இதை அக்கா மகளிடம் சொன்னபோது, தன் வேலைக்கும் தான் குடியிருக்கும் தெருவுக்கும் ஒரே குடும்பத்தின் தொடர்பு இருக்கிறதா என்று வியந்துபோனாள். யாருக்கு வாக்களிப்பது என்று தேடப் போனவளுக்கு இத்தகைய செய்தி கிடைக்கும் வழி அந்த வார்டுப் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் அதே கிரான்பிதான், 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் கலவரம் வெடித்த வட்டாரத்தின் நடுவே இருந்தது. அதன் பிறகு வீடுகள் காலியாகி, பல தெருக்கள் இடிப்புக்குக் காத்துக் கிடந்தன. மிஞ்சியிருந்த நான்கு தெருக்களின் மக்கள் தாங்களே தொட்டிச் செடி வைத்து, சுவருக்கு வண்ணம் பூசி, நில அறக்கட்டளை அமைத்து வீடுகளை மீட்டார்கள். அவர்களோடு உழைத்த அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழுவுக்கு 2015-ல் கலைத்துறையின் டர்னர் பரிசே கிடைத்தது. வார்டு வரைபடத்திலிருந்து பெயர் அழிந்து 11 ஆண்டுகள் கழித்து, அந்தப் பெயர் உலகச் செய்தியானது.

இந்தப் பழைய தேர்தல் விவரங்களுக்கு நான் விக்கிப்பீடியாவைத்தான் நாட வேண்டியிருந்தது. லிவர்பூல் நகர மன்றத் தேர்தல் 1835-ல் தொடங்கியது முதல் ஆண்டுவாரியாகவும் வார்டுவாரியாகவும் வாக்கு எண்ணிக்கையோடு அங்கே தொகுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வாண்டின் நகராட்சிச் சட்டத்தின்படி அமைந்த முதல் மன்றத்தில் 16 வார்டுகளும் 48 கவுன்சிலர்களும், அந்தக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த 16 ஆல்டர்மன்களும் இருந்தார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத அந்த ஆல்டர்மன் பதவி 1974 வரை நீடித்தது. வார்டுத் தேர்தலில் தோற்றுப்போன கட்சிகூட ஆல்டர்மன்களின் பலத்தில் மன்றத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது என்பதை அறியாமல், பழைய வார்டு முடிவுகளைப் படித்தால் கணக்கு உதைக்கும். 1872 வரை வாக்கு இரகசியமன்று. தேர்தல் நவம்பரில் நடந்த வழக்கம் 1949-ல் மே மாதத்துக்கு மாறியது. லேபர் கட்சி லிவர்பூலில் முதன்முறையாக ஆட்சியைப் பிடித்ததே 1955-ல்தான். இன்று அதை லேபரின் கோட்டை என்று சொல்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

வார்டுகளின் தொகையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2004-க்கு முன்பு 33 வார்டுகளுக்கு 99 உறுப்பினர்கள். பிறகு 30 வார்டுகளுக்கு 90 பேர். ஒரு வார்டுக்கு மூவர் என்று வைத்து, நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் தேர்தல் நடத்தி, ஒவ்வொரு முறையும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநகராட்சி நிர்வாகத்தின் கடுமையான குறைகளை 2021-ல் அரசு நியமித்த ஆய்வு வெளிப்படுத்தியதைத் தொடர்ந்து அந்த முறை கைவிடப்பட்டது. 2023 முதல் 64 வார்டுகள், 85 உறுப்பினர்கள், நான்காண்டுக்கு ஒரே தேர்தல். மாநகரமெங்கும் எல்லைகள் இப்படி மாறியிருக்கும்போது, பிரின்சஸ் பார்க் என்ற பெயரில் 2022-க்கு முன்பு கிடைக்கும் முடிவையும் 2023-ன் முடிவையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. சேவையின் பின்னணித் தரவுத்தளம் எல்லை மாற்றங்களைத் தனித்தனியாகவே பதிந்துவைக்கிறது. அந்த அறிவை வாக்காளர் காணும் பக்கத்தில், "இந்த வார்டின் எல்லை இவ்வாண்டு மாறியது, முன்பு இந்தத் தெருக்கள் இன்ன வார்டில் இருந்தன" என்று இரண்டு வரியில் எழுதிவிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர். கும்பகோணம் 1866 முதல் நகராட்சி. 2021-ல் தாராசுரம் பேரூராட்சியையும் சேர்த்து மாநகராட்சியாகி, 48 வார்டுகளோடு 2022 பிப்ரவரி 19-ல் தேர்தலைச் சந்தித்தது. அதற்கு முந்தைய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2011-ல் நடந்தது. இடையில் ஒரு தலைமுறை இளைஞர்கள் கவுன்சிலர் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாமல் வாக்காளர் ஆனார்கள். நம் வார்டுகளுக்கு எண்தான் உண்டு, பெயர் இல்லை. எல்லை மாறியதும் எண்ணும் மாறுகிறது. பழைய எண்ணில் வென்றவர் யார், அந்தத் தெருவுக்கு என்ன செய்தார் என்ற நினைவும் அதோடு அறுந்துபோகிறது. குளத்தின் கரையிலோ கோயில் வீதியிலோ இருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டால் விடை கிடைக்கும். அவர் காலம் முடிந்தால் அதுவும் போய்விடும். வேட்பாளர் விவரங்களைத் தன்னார்வலர் இருவர் இருவராகச் சரிபார்த்துத் திறந்த தரவாக வைக்கும் இந்த முறையை, நம் டெல்டா மாவட்டங்களின் கல்லூரி மாணவர்கள் ஒரே ஒரு மாநகராட்சிக்காவது செய்துபார்க்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. மூல ஆவணம், உள்ளீடு, மறுபார்வை என்ற மூன்று படிகளுக்கு மேல் இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

சிறிய குறைகள் சிலவும் உண்டு. வேட்பாளரின் அறிமுக உரையும் படமும் யாராவது கொடுத்தால்தான் இடம்பெறுகின்றன. பெரிய கட்சிக்காரர் சிலருடைய பக்கங்கள்கூட வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தேன். வாக்கு எண்ணிக்கை விவரங்கள் எல்லா வார்டுகளுக்கும் முழுமையாக இல்லை. ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரியாத புதுக் குடியேறிகள் ஒருவர் துணையில்லாமல் இதைப் பயன்படுத்த முடியாது.

அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். லிவர்பூலில் அடுத்த மாநகராட்சித் தேர்தல் 2027 மே மாதம் வர வேண்டும். அதற்கு முன்பே பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வீடு மாறினால் மீண்டும் சேர்க்க வேண்டும். வேட்புமனு முடிந்து சில நாள்கள் கழித்து இந்தச் சேவையைத் திறந்தால் பட்டியல் சரிபார்க்கப்பட்டு நிலைத்திருக்கும். 2023 முதல் இங்கிலாந்தின் வாக்குச்சாவடிகளில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கட்டாயம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டையே ஏற்றுக்கொள்கிறார்கள். வாக்குச்சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவதால், மருத்துவமனையில் இரண்டு வேளைப் பணியில் இருப்பவர்களும் போய்விட்டு வரலாம்.